பதினாலாவது மாடிக்கு எழுநூறு மதிப்பெண்

லிஃப்ட் கதவை பெனிட்டா இரண்டு கைகளாலும் அறைந்தாள். எட்டு மாத வயிறு. வீடு பதினாலாவது மாடியில்.

"உங்கள் கடன் மதிப்பெண் 699. எழுநூறு இருந்தால்தான் லிஃப்ட். படிக்கட்டு வலது பக்கம்," என்றது கதவு, தேன் குழைத்த குரலில்.

"ஒரு தவணைகூட நான் தவறவிட்டதில்லையே! நேத்து எழுநூறு இருந்துச்சேம்மா!"

போன மாதம் பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த அம்மா ஸ்டெல்லா, காய்கறிப் பையைத் தரையில் வைத்தாள். "போனைப் போட்டுக் கேளுடி."

மதிப்பெண் அலுவலகத்து ஆள் கொட்டாவியோடு பேசினான். "உங்க அறிக்கையை யார் திறந்து பார்த்தாலும் ஒரு மதிப்பெண் குறையும் மேடம். ஒரு மாசமா தினமும் ஒருத்தர் பார்க்கறாங்க."

"யாரு?"

"அதெல்லாம் சொல்ல முடியாது."

"சட்டப்படி சொல்லியே ஆகணும்!"

"அப்ப எழுதிக் கொடுங்க. முப்பது நாள்ல பதில் வரும்."

"முப்பது நாள்ல எனக்குப் புள்ளையே பொறந்துடும்யா! உங்க மேலதிகாரியைக் கூப்பிடு!"

"விடாதே! பார்த்தவன் கண்ணு அவிஞ்சு போக!" என்று அம்மாவும் கத்தினாள்.

எதிர்முனையில் பெருமூச்சு. விசைகள் தட்டப்படும் ஓசை.

"எழுதிக்குங்க. ரத்த உறவுங்கற உரிமையில பார்த்திருக்காங்க. தினம் காலை ஆறு மணி. பேரு ஸ்டெல்லா."

பெனிட்டா மெல்லத் திரும்பினாள்.

அம்மா தன் போனை முந்தானைக்குள் மறைத்தாள். "ஜெபம் முடிச்சதும், உன் மதிப்பெண் ஏறியிருக்கான்னுதான்டி பார்த்தேன்..."