ஜெயித்தவர் கட்டும் செலவு

மேல்முறையீட்டில் ஜெயித்துவிட்டு வந்த அப்பா, தோற்றவர் மாதிரி கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். விற்றவர் தர மறுத்த வீடு கிடைத்துவிட்டது. ஆனால், பணம் கட்டிய ரசீதை முதல் கோர்ட்டிலேயே காட்டியிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும் என்று சொல்லி, இரண்டு கோர்ட்டுச் செலவையும் அப்பா தலையிலேயே கட்டிவிட்டார் நீதிபதி.

"மொத்த ஃபைலையும் குடுத்தேன். உள்ள இருந்த ரசீதை அந்தப் பழைய வக்கீல் புரட்டிக்கூடப் பாக்கல. நாளைக்கே அவர் மேல புகார் குடுக்கறேன், பாரு."

அதைக் கேட்ட மகள், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"வக்கீல் பாவம்மா. ரசீதை எடுத்து ஒளிச்சது நான்தான். ஜெயிச்சா அந்த வீட்டுக்குக் குடி போயிடுவோம்னு அப்பா சொன்னாரே, எனக்கு இந்தத் தெருவை விட்டு வர மனசில்ல. தோத்ததுக்கப்புறம் அவர் தூங்காமக் கெடந்ததைப் பாத்துட்டு, ஃபைல்லயே திரும்ப வெச்சுட்டேன். அதுவரைக்கும் பீரோவுக்குப் பின்னாடிதான் சொருகி வெச்சிருந்தேன்."

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெதுவாப் பேசுடி. எனக்கு அப்பவே தெரியும். ஒரு முனை வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அதை உள்ள தள்ளி விட்டதே நான்தான்."