ரெண்டு கதவு போதும்

பெரியவர் ரெண்டு கதவு வைத்த சிவப்பு கூபே காரில் ஏறி உட்கார்ந்து இருபது நிமிஷமாகிறது. கதவு திறந்தேதான் இருந்தது. இறங்குகிற வழியைக் காணோம்.

அவர் மகன் என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

பெரியவர் டாக்சி ஓட்டி, பிறகு டாக்சி கம்பெனி வைத்து, போன மாதம்தான் அதை விற்றவர். ஷோரூமுக்குள் வந்ததும் வராததுமாக என்னிடம் சொல்லிவிட்டார்.

"ஆயுசு பூரா பின்னாடி ஆளை ஏத்திக்கிட்டே ஓட்டியாச்சும்மா. இனிமே ரெண்டு கதவு போதும்."

மகனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பக்கத்தில் நின்ற நாலு கதவு ஆல் வீல் டிரைவ் செடானுக்கே வக்காலத்து வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கும், மழையில் வழுக்காது, விலை குறைவு, பிறகு விற்றாலும் கையைக் கடிக்காது, பேரப்பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம்.

அவன் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனாலும் பெரியவர் ஜெயிக்க வேண்டும் என்றிருந்தது எனக்கு. அந்த கூபே மூன்று மாதமாக விலை போகாமல் என் உயிரை வாங்குகிறது என்பதும் ஒரு காரணம்.

பெரியவர் உள்ளே இருந்தபடியே கேள்வி கேட்டார். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி? நாலரை. செடானுக்கு? ஆறு. அந்த ஒன்றரை நொடிக்கா இவ்வளவு விலை வித்தியாசம்? வளைவில் பின்பக்கம் இழுக்குமா? டயர் எத்தனை வருஷம் வரும்?

ஒவ்வொரு கேள்விக்கும் நடுவில் சீட் மோட்டார் மெல்ல முனகி நின்றது. புது வண்டியில் உட்கார்ந்தால் யாருக்கும் விரல் சும்மா இருக்காது.

இறங்க மனசு வராதவர் கட்டாயம் வாங்குவார். பதினொரு வருஷத்தில் இந்தத் தொழிலில் நான் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்.

கேள்விகள் தீர்ந்துபோயின.

"நீ போய் அந்த வண்டி டிக்கியைப் பாருடா. மேடத்தையும் கூட்டிட்டுப் போ."

போனோம். டிக்கியைத் திறந்து பார்த்து, மூடிவிட்டுத் திரும்பியபோது பெரியவர் வெளியே நின்றிருந்தார். ஏசி போட்ட ஷோரூமில் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது.

"நாலு கதவே எழுதிடும்மா" என்றார்.

மகனுக்கு வாயெல்லாம் பல். அப்போதே சொன்னேனே என்று ஆரம்பித்துவிட்டான். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நிறம் கேட்டபோது மட்டும் அவனை முந்திக்கொண்டு சிவப்பு என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வீறாப்பும் மகன் முன்னால் இவ்வளவுதானா என்று.

அவர்கள் போன பிறகு கூபேயைப் பழையபடி சரிசெய்யப் போனேன். அதன் சீட்டை எப்போதும் கடைசிவரை இறக்கித்தான் வைப்போம். தாழ உட்கார்ந்தால்தான் அந்த மாதிரி வண்டிக்கு மவுசு. காலையில் நானேதான் இறக்கி வைத்திருந்தேன்.

சீட் இப்போது உச்சியில் நின்றது. அதற்கு மேல் மோட்டார் தூக்காது.

கதவு விளிம்பிலும் கூரை ஓரத்திலும் விரல் தடங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக, நாலைந்து முறை பிடித்து நழுவிய தடங்கள்.

இருபது நிமிஷமும் அவர் எழுந்திருக்கத்தான் பார்த்திருக்கிறார்.

துணி எடுத்துவந்து எல்லாவற்றையும் துடைத்தேன். பிறகு சீட்டைக் கடைசிவரை இறக்கி வைத்தேன்.