ஒரு வரி கீழே

"படிச்சது மண்டையில நிக்கலீன்னா அதுக்கு நானென்ன புள்ள பண்றது?"

"நின்னுச்சுங்க! நின்னதுனாலதான் அத்தனையும் தப்பாப் போச்சுன்னு..."

"மூணு மாசமா அடுப்புல கஞ்சி பொங்கறதுகூடத் தெரியாம மொணமொணன்னு..."

"நாஞ் சொல்றதைக் கேளுங்கன்னு சொல்றேன்!"

பாவாத்தாள் நோட்டைப் புருஷன் மடியில் போட்டாள். எறிந்தாள் என்றும் சொல்லலாம்.

நஞ்சப்பன் அதைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவிநாசி பத்திர ஆபீசில் நகல் எழுதுகிறவனுக்கு வாரத்தில் கை சும்மா இருக்கும் ஒரே நாள்.

விடிந்தால் பாவாத்தாளுக்குக் கோயமுத்தூரில் பரீட்சை. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு. கடினமான இங்கிலீஷ் வார்த்தைகளாகக் கொடுத்து அர்த்தம் எழுதச் சொல்வார்கள் என்று தாஜுன்னிசா டீச்சர் சொல்லியிருந்தார். ஈரோட்டில் இருக்கும் தன் தம்பியிடமிருந்து ஒரு புத்தகத்தை மூன்று நாளைக்கு வாங்கியும் கொடுத்தார். இடது பக்கம் வார்த்தை, வலது பக்கம் தமிழில் அர்த்தம். முந்நூற்றுச் சொச்சம்.

நான் எழுதித் தருகிறேன் என்று நஞ்சப்பன்தான் வாங்கிக்கொண்டான். முதலில் வார்த்தைகளை எல்லாம் வரிசையாக இறக்கினான். பிறகு அர்த்தங்களை. ஆபீசிலும் பட்டியல் என்றால் அப்படித்தானாம்.

தேறினால் நாலு மாதம் மதராசில் பயிற்சி. அறுபத்திரண்டாம் வருஷம். எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண்ணே அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். போ என்று நஞ்சப்பன் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை.

இன்று காலையில் நாலு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்று அவளாகத்தான் டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"ஃப்யூட்டைல்னு கேட்டாங்க. சிக்கனமானன்னேன். கேருலஸ்னாங்க. வீணானன்னேன். அப்பறம் ஜீனியல். ஓயாம பேசுகிறன்னேன். டீச்சரம்மா கண்ணாடியக் கழட்டி வெச்சுப்போட்டு, ஏம்மா என்னையக் கேலி பண்றியான்னு கேக்கறாங்க!"

"பயத்துல ஒளறியிருப்ப."

"ஒளறுலீங்க. நோட்டுல இருக்கறதைத்தான் சொன்னேன். வர்ற வழியில புளியமரத்தடியில நின்னு பாத்தேன். வீணானங்கறது ஃப்யூட்டைலுக்குங்களாம். நம்ம நோட்டுல அது கேருலசுக்கு நேரா நிக்குது. கேருலசோட அர்த்தம் ஜீனியலுக்கு நேரா. எல்லாமே ஒரு வரி கீழ எறங்கிக் கெடக்குதுங்க. எங்கியோ ஒரு அர்த்தத்தை ரெண்டு தடவை எழுதிப்போட்டீங்க."

"நகல்னா ஒப்புப் பாக்கோணும். ஒருத்தர் படிக்க ஒருத்தர் பாக்கோணும். நீ பாத்திருக்கலாமல்ல?"

"உங்க எழுத்தை நான் ஒப்புப் பாப்பனுங்களா?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"கண்ணு அசந்திருக்கும் புள்ள. நானும் மனுசந்தானே."

"அது போகுதுங்க. அதுக்கா சண்டை போடறேன்?"

உண்மையில் அவளுக்கு எரிச்சல் எல்லாம் தன் மேல்தான். அடுத்தடுத்த இரண்டு வார்த்தைக்கு ஒரே அர்த்தம் என்றால் கேட்டிருக்க வேண்டாமா? ஆனால் அப்படி ஜோடி ஜோடியாக நோட்டில் பத்துப் பன்னிரண்டு இடம் இருந்தது. இங்கிலீஷ்காரனுக்கு ஒன்றைச் சொல்ல ரெண்டு வார்த்தை வேண்டியிருக்கும் போல என்று விட்டுவிட்டாள். அதில் எந்த ஜோடி நிஜம், எந்த ஜோடி பிசகு?

புத்தகம் எப்போதோ ஈரோட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. டீச்சரும் பத்து மணி பஸ்ஸுக்குப் பொள்ளாச்சி கிளம்பிவிட்டார்.

"எந்த வரியில இருந்துன்னு மட்டும் தெரிஞ்சாப் போதுங்க. அதுக்கு மேல இருக்கறதை அப்படியே உட்டுப்போட்டு, கீழ இருக்கறதை ஒவ்வொண்ணா மேல ஏத்திப் படிச்சுருவேன். மனப்பாடம் இருக்குதில்ல? மாத்திக் கோக்கறதுதான் வேலை. பொழுதுக்குள்ள முடிச்சுருவேன்."

நோட்டை அவன் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

நடுவிலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். பிறகு முன்னோக்கி. ஒரு ஜோடி கிடைத்ததும் விரலை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தாள். இதுவா? இதுவாக இருந்தால் அடுத்தது 'உழைப்பாளியான' என்று வர வேண்டும். வருகிறது. அப்படியானால் இதுதான். இல்லை, இதுவும் நிஜ ஜோடிதானோ?

நிஜ அர்த்தம் தெரிந்திருந்தால் அல்லவா பிசகு தெரியும்.

ஒரு தாளின் முனை கிழிந்து கையோடு வந்தது.

"இந்த ஜோடியும் சரியாட்டத்தான் இருக்குது. எல்லாம் சரியாட்டத்தான் இருக்குது! என்ன எழவுடா இது..."

"போதும் உடு புள்ள. அடுத்த வருசம் எழுதிக்கலாம்."

"அடுத்த வருசம் வயசு தாண்டிரும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் முதல் பக்கத்தைத் திறந்தாள். அ, ஆ படிக்கிற குழந்தை மாதிரி ஒவ்வொரு வார்த்தையின் மேலும் விரலை ஓட்டத் தொடங்கினாள்.

ஒரு பக்கம். ரெண்டு பக்கம்.

நஞ்சப்பன் எழுந்து வந்தான். குனிந்து அவள் கையிலிருந்து நோட்டை வாங்கினான். ஒரே புரட்டு. விரலை வைத்தான்.

"இந்தா. இங்கிருந்துதான்."

'காஷியஸ்.' எச்சரிக்கையான. அடுத்து 'செலஸ்டியல்.' அதற்கும் எச்சரிக்கையான. அதற்கும் கீழே, வானத்துக்குரிய.

"அட ஆமாங்க! வானத்துக்குரிய... அதுதான் செலஸ்டியல்! இதுதான், இதேதான்!"

பென்சிலைத் தேடி எடுத்தாள். அந்த வரிக்குக் கீழே கோடு இழுத்தாள்.

கோடு பாதியில் நின்றது.

"ஏனுங்க... நீங்க தேடவே இல்லீங்களே?"