அவசர வழி

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா. ஊருக்கே தெரிந்த ஒரு ரகசியத்தைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம். மலை உச்சியில் ஜோதி தெரிந்ததும் லட்சம் வாய் சேர்ந்து ‘அரோகரா’ என்றது.

அதே நேரம் கிணத்தடிச் சந்தில் எழிலரசி ‘அம்மா’ என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நிறைமாதம்.

மாமியார் கன்னியம்மாள் அவளைத் தாங்கி ஆட்டோவில் ஏற்றினாள். ஓட்டுவது மகன் பாலாஜி.

“வெள்ளக் கோட்ட உட்டு வண்டி எறங்கக் கூடாது, தெரிஞ்சிதா?” என்றாள் மகனிடம்.

அது என்ன கோடு என்கிறீர்களா? நம் ஊருக்குப் பெரிய மனிதர் வருகிறார் என்றால், அவர் போகிற தெருவின் இரண்டு ஓரத்திலும் பிளீச்சிங் பவுடரைத் தூவுவார்களே, அந்தக் கோடுதான். அவர் எந்த வழியாக வருகிறார் என்பது மகா பெரிய பாதுகாப்பு ரகசியம். ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டார். கோடு மட்டும் கோயில் மாடுகூடப் புரிந்துகொள்கிற மாதிரி பளிச்சென்று கிடக்கும்.

ஏழைபாழைக்கு யார் கோடு போடுகிறார்கள்?

போன வருஷ தீபத்தன்று கன்னியம்மாள் புருஷன் தசரதனுக்கு நெஞ்சு வலித்தது. தெருவுக்குத் தெரு சவுக்குக் கட்டைத் தடுப்பு. ‘இது வழியில்ல’ என்றார்கள். வேறு எது வழி என்றால், ‘எங்களுக்கே சொல்லல’ என்றார்கள். கட்டைக்குக் கட்டை அலைந்து, ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்காமலே மனுஷன் போய்ச் சேர்ந்தார்.

இந்த வருஷம் கல்யாண மண்டபத்தில் மக்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். தகவல் உரிமைச் சட்டம் வந்த புதுசு. மேடைக்குப் பின்னால் ‘ஒளிவு மறைவற்ற நிர்வாகம்’ என்று ஆளுயர எழுத்து. டீயும் பிஸ்கட்டும் உண்டு. எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றார் பந்தோபஸ்து அதிகாரி.

கன்னியம்மாள் எழுந்தாள். “மருமக மாசமா இருக்குதுங்க. தீபத்தன்னிக்கு வலி எடுத்தா எந்தப் பக்கமா போறதுங்க ஐயா?”

“அவசர வழி இருக்குதும்மா. ஆனா அது ரகசியம். குண்டு வெக்கிறவனுக்குத் தெரிஞ்சிட்டா?”

குண்டு வைக்கிறவனுக்குத் தெரியக்கூடாது, சரி. பிள்ளை பெறுகிறவளுக்கும் தெரியக்கூடாதாம். திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரியிடமே சாவியை ஒளித்த கதை.

கன்னியம்மாள் டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டாள்.

இப்போது ஆட்டோ சந்து முனைக்கு வந்துவிட்டது. குறுக்கே கட்டை. கட்டைக்குப் பின்னால் தலை, தலை, தலை.

காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தென்கோடியிலிருந்து வந்தவர். ஊர் தெரியாது. திட்டமும் தெரியாது, ரகசியமாயிற்றே, அவருக்கு எப்படிச் சொல்வார்கள்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் சந்தின் இரண்டு ஓரத்திலும் கிடந்த வெள்ளைக் கோடு.

கோடு இருக்கிறது. கோட்டுக்கு நடுவே ஆட்டோ வருகிறது. ஆபத்துக்குப் பயந்து யாரோ பெரிய மனிதர் ஆட்டோவில் வருகிறார் என்று முடிவு கட்டினார்.

உள்ளே யார் என்று எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் ரகசியம் கெட்டுவிடுமே!

கயிற்றை அவிழ்த்தார். கட்டையை இழுத்தார். கூட்டத்தை இரண்டாகப் பிளந்தார். பிறகு விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார்.

எழிலரசி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாள் லேசாகத் தலையை ஆட்டி சல்யூட்டை வாங்கிக்கொண்டாள். பெரிய மனிதர்கள் அப்படித்தான் ஆட்டுவார்கள்.

அடுத்த தடுப்பிலும் சல்யூட். அதற்கடுத்ததில் விசிலும் சேர்ந்துகொண்டது.

ஒருத்தராவது குனிந்து முகர்ந்திருந்தால் தெரிந்திருக்கும், அந்தக் கோட்டில் மருந்து வாடையே இல்லை. மார்கழிக்கென்று கன்னியம்மாள் வாங்கி வைத்திருந்த கோலமாவு அது. மத்தியானம் ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தன் வாசலில் தொடங்கி ஆஸ்பத்திரி ரோடு வரைக்கும் முதுகு ஒடியக் குனிந்து தூவிக்கொண்டே போனாள். நகராட்சி ஆள் என்று கூட்டமே ஒதுங்கி வழிவிட்டது. ‘சீக்கிரம் போடும்மா, பெரியவங்க வந்துடப் போறாங்க’ என்று ஒரு போலீஸ்காரர் அதட்டவும் செய்தார்.

பெரியவள் வந்தே விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டரம்மா கையில், மூக்கும் முழியுமாக ஒரு பெண் குழந்தை.

மறுநாள் காலை மாற்றுப் புடவை எடுக்கக் கன்னியம்மாள் வீட்டுக்கு வந்தால், வாசலில் ஜீப். மேடையில் பேசிய அதே அதிகாரி.

 கோடு போட்ட குற்றத்துக்குப் பிடித்துப்போக வந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

அவரோ தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து அந்தக் கூட்டத்துலயும் ஆஸ்பத்திரிக்கு நேரத்தோட போயிட்டீங்களாமே, எந்த வழியாம்மா போனீங்க? அடுத்த வருஷத் திட்டத்துல எழுதணும். அவசர வழின்ற எடம் வருஷா வருஷம் காலியாவே கெடக்குது.”

கன்னியம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். தசரதனைத் திருப்பி அனுப்பிய கட்டைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்து போயின.

“சொல்றேங்க ஐயா. ஆனா நீங்க எழுதிக்கினா, அடுத்த வருஷம் எனக்கே சொல்ல மாட்டீங்களே?”

நேரமாயிற்று கண்ணுங்களா, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள். உங்கள் வீட்டில் பிறக்க வருகிறவர்களுக்கும் நோயில் படுத்தவர்களுக்கும், கேட்காமலே வழி திறக்கட்டும். உங்கள் அடுப்பும் விளக்கும் அணையாமல் எரியட்டும்.