எழுந்து இடம் கொடுப்பவர்

பஸ்ஸில் ஒரு பெண் ஏறினால் போதும், தண்டாயுதபாணி எழுந்து தன் இடத்தைக் கொடுத்துவிடுவார். கூட வரும் நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சரஸ்வதிக்கு வயிறு எரியும்.

அன்று மாலையும் திண்டுக்கல்லில் பஸ் கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நீலச் சேலைக்காரி ஒருத்தி ஏறினாள். இவர் எழுந்துவிட்டார்.

"தினமும் நீங்கதான் எடம் குடுக்குறீங்க சார்" என்று சிரித்தாள் அவள்.

தினமுமா! சரஸ்வதி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

காந்திகிராமத்தில் இறங்கும்போது நீலச் சேலைக்காரி அவர் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தாள். சரஸ்வதி வெடுக்கென்று பிடுங்கினாள்.

'ரத்தத்தில் இரும்புச்சத்து பார்க்கவும். மாலையில் காபி வேண்டாம். டாக்டரிடம் காட்டவும்.'

"என்னங்க இது?"

"அவுக நர்ஸு. செத்த நேரம் உக்காந்தாலே கெண்டைக்காலுக்குள்ள எறும்பு ஊருது சரசு. எந்திரிச்சாத்தான் அடங்குது. சும்மா எந்திரிச்சா ஏன்னு கேப்பாக. பொம்பளைக்கு எடம் குடுத்தா ஒருத்தரும் கேக்கமாட்டாக."

"எங்கிட்டச் சொல்லாம அவகிட்டச் சொன்னீகளாக்கும்?"

"நான் எங்க சொன்னேன்? நேத்து நான் காலை உதறுறதப் பாத்து அவுகளாத்தான் கேட்டாக."

சரஸ்வதி குனிந்து அவர் காலைப் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் பார்த்ததெல்லாம் பஸ்ஸில் ஏறுகிறவளின் முகத்தைத்தான்.