தண்டவாளத்தின் நடு

வடக்கனந்தல் பக்கம், கைவிடப்பட்ட கிளை ரயில் பாதையில், காலை வெயில் சர்வேயரின் இரும்பு டேப்பில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ரயில் நின்று முப்பது வருஷமாகிறது. தண்டவாளமும் இல்லை, மேடும் மழையில் கரைந்துவிட்டது. கருவேல முள்ளுக்கடியில் ஜல்லி மட்டும் சிதறிக் கிடக்கிறது. மறுபடி ரயில் விடப் போகிறார்களாம். பாதையின் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஐம்பது அடி நிலம் எடுப்பார்கள். மேற்கே சாலம்மாளின் கூரைவீடு, கிழக்கே ராஜாங்கத்தின் கரும்பு. “யம்மா, தண்டவாளத்துக்கு நடு எதுன்னு தெரியுமா?” என்கிறார் சர்வேயர். அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்த கூலியாட்களில் சாலம்மாளும் ஒருத்தி. தான் நிற்கிற இடம்தான் நடு என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்து அளந்தால் வீட்டில் பாதி போய்விடும். கிழக்கே நாலு எட்டு வைக்கிறாள். காலடியில் ஜல்லி நறநறக்கிறது. “இங்கதாங்க சார்.”

சர்வேயர் வரப்பில் நிற்கும் ராஜாங்கத்தைத் திரும்பிப் பார்க்கிறார். “இந்தம்மா சொல்றது சரியா? இதான் நடுன்னா ஒங்க கரும்புலதான் ஜாஸ்தி போவும்.” நடு எதுவென்று ராஜாங்கத்துக்கும் தெரியும். அவர் கூரைவீட்டைப் பார்க்கிறார். வாசல் கொடியில் ஈரச்சேலை சொட்டுகிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பேற்றிய டிராக்டர் ஒன்று சாலையில் போகிறது. “அந்தம்மா நிக்கற எடந்தான் சார்” என்கிறார் ராஜாங்கம். “முளைய அடிங்க.” சம்மட்டி விழ விழ, முளை முழுசாக இறங்கும்வரை சாலம்மாள் அங்கேயே நிற்கிறாள்.