கறுப்பு முட்டை

"பஸ்ரியனைக் கண்ட ஆளோடை இண்டைக்குக் கதைச்சனான்" என்று அருள்நாயகம் அன்றைக்கும் பொய் சொன்னார்.

பிலோமினா புட்டை இறக்கி வைத்தாள். "எங்கை கண்டவராம்?"

"செட்டிகுளம் முகாமிலை. காலிலை சின்னக் காயமாம். கஞ்சி குடிக்கிறானாம்."

"எந்தக் கால்?"

"இடது."

முதல்நாள் வலது என்று சொன்ன நினைவு அவருக்குப் பிறகுதான் வந்தது. நல்லகாலம், மனைவி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்த மே மாதம்தான் வன்னியில் சண்டை முடிந்திருந்தது. பிலோமினாவின் ஒரே தம்பி, கடலுக்குப் போகிற பஸ்ரியன், பதுங்குகுழி வாசலில் ஷெல் பட்டுச் செத்துப்போனான். அவர்களைப்போலவே புலம்பெயர்ந்து ஒஷாவாவில் இருக்கும் ஊர்க்காரன் கஸ்பர் அதை அருள்நாயகத்தின் கைப்போனுக்கு எடுத்துச் சொல்லி ஒரு கிழமைக்கு மேல். மண் போட்டதே கஸ்பரின் மச்சான்தான். சந்தேகத்துக்கு இடமில்லை.

பிலோமினாவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். ஆகவே காலையில் "விசாரிச்சுக்கொண்டு வாறன்" என்று புறப்படுவார். வெக்ஸ்போர்ட்டில் ஒரு கோப்பிக்கடையில் பொழுது சாயும்வரை குந்தியிருப்பார். ஒரு பொய்யோடு திரும்புவார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் யன்னலோரத்தில் அந்த முட்டையைக் கண்டார். கறுப்பு முட்டை. மேலே வெள்ளைக் கோடுகள்.

"உது எங்காலை?"

"ஹலீனா வீட்டிலை இருந்துதான்."

ஹலீனா எதிர்க் கதவு உக்ரேனியப் பெண். ஈஸ்டருக்கு ஈஸ்டர், மெழுகால் கோடிழுத்துச் சாயத்தில் தோய்த்த ஒரு முட்டை தருவாள். சிவப்பு, மஞ்சள், ஒருமுறை பச்சை. அருள்நாயகம் சும்மா வாங்கி வைக்கிற ஆள் அல்ல. நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்தார். முட்டையில் வரைவது என்று சொல்லக்கூடாது, எழுதுவது என்றுதான் சொல்லவேண்டும் என்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் திருத்தினார். கோதுமைக் கதிர் என்றால் விளைச்சல். மான் என்றால் செல்வம். முட்டையைச் சுற்றி ஓடும் கோடு என்றால் முடிவில்லாத வாழ்வு. கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

கறுப்பில் வெள்ளை என்றால் செத்தவீட்டுக்குக் கொடுப்பது. அதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொந்தக்காரன் வன்னியில் நிற்கையில் வீட்டில் எடுக்கக்கூடிய கதையல்ல அது.

"வடிவாய்த்தானே இருக்கு?" என்றாள் பிலோமினா.

"ஓமோம், வடிவுதான்." முட்டையைச் சட்டென்று கையில் எடுத்தார். "ஈஸ்டர் எப்பவோ முடிஞ்சுது. மாறித் தந்திட்டா போலை. குடுத்திட்டு வாறன்."

"சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

அதற்குள் அவர் எதிர்க் கதவைத் தட்டிவிட்டார்.

எவ்வளவு கோபத்திலும் அருள்நாயகத்தின் ஆங்கிலம் இலக்கணம் தவறாது. "கறுப்பு முட்டை யாருக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா, ஹலீனா?"

"மெல்லப் பேசுங்கள், மிஸ்டர் அருள்."

"பஸ்ரியனின் விசயம் எப்படியோ உன் காதுக்கு வந்திருக்கிறது. சரி. அதற்காக அவள் கையில் இதைக் கொடுப்பதா? அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அவள் ஒரு வாய் சாப்பிடுகிறாள். சிவப்பில் ஒன்று தா. கோதுமை போட்டது. நான் கொண்டுபோய் வைக்கிறேன்."

ஹலீனா அவர் தோளுக்கு மேலால் எதிர்க் கதவைப் பார்த்தாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எழுதியதையாவது ஒழுங்காக எழுதினாயா? பார், சுற்றுக் கோடு போய்ச் சேராமல் இடையில் அறுந்து நிற்கிறது. இத்தனை வருடம் எழுதுகிறவள் விடுகிற பிழையா இது? இந்த மீனைப் பார். மீன் என்றால் கிறிஸ்து. எந்த உக்ரேனிய முட்டையில் மீனுக்கு முதுகெல்லாம் முள் நிற்கிறது?"

"நானும் அதைத்தான் சொன்னேன். எங்கள் மீனுக்கு முள் கிடையாது என்று."

"யாருக்குச் சொன்னாய்?"

"'என்ரை தம்பி பிடிக்கிற ஓரா மீனுக்கு முள் இருக்கு' என்றாள். சுற்றுக் கோட்டையும் இடையில் விடச் சொன்னது பிலோமினாதான்."

முட்டையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. உடைந்துவிடும் என்று பயந்து உடனே தளர்ந்தன.

"கஸ்பர் முதலில் எடுத்தது வீட்டுப் போனுக்கு, மிஸ்டர் அருள். பிலோமினாதான், தனக்குச் சொன்னதைக் காட்டாமல் உங்களுக்கும் சொல்லச் சொன்னாள். நீங்கள் வந்து வாய் திறப்பீர்கள், இரண்டு பேருமாக அழலாம் என்று காத்திருந்தாள். நீங்கள் முகாம், கஞ்சி என்று தொடங்கினீர்கள். பிறகு அவள் அழுததெல்லாம் என் வீட்டுக் குசினியில்."

"அப்ப, இதை ஏன் அங்கை வைச்சவ..." அவருக்குத் தமிழ்தான் வந்தது. முட்டையை நீட்டியதிலேயே ஹலீனாவுக்குக் கேள்வி விளங்கியது.

"கறுப்பின் அர்த்தம் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாள். தெரிந்த ஒன்றை நீங்கள் சொல்லாமல் இருந்ததே இல்லையாம்."

அவர் முட்டையைத் திருப்பி அந்த அறுந்த கோட்டைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லிவிடேன் என்று நானும் எத்தனையோ தரம் கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டாள். 'சண்டை முடிஞ்ச நாளிலை இருந்து சுவரைப் பாத்தபடி கிடந்த மனிசன். எனக்குப் பொய் சொல்லுறதுக்காகத்தான் இப்ப காலமை எழும்புது.'"